இரைச்சல் என்று எழுதப்பட்ட ஒலி



இந்த மேடையில் வழக்கமாக எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் பேசுவார்கள். இந்த ஆண்டு, கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் தூக்கித் திரிந்த மூன்று மாணவர்களை அழைத்திருக்கிறீர்கள். மேடையில் படமாக இருக்கும் அய்யாவை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அவர் நினைவாக நடந்த கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். எங்களில் ஒருவர் மதுரைக்குள்ளேயே தூய்மைப் பணியாளர் குடியிருப்பு. ஒருவர் மேலூர்ப் பக்கம். இன்னொருவர் சோழவந்தான் பக்கத்து வயற்காடு. மூவரும் சேர்ந்து எழுதிய உரை இது. அதனால் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படித்தோம். இரண்டாம் ஆண்டில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். நகரம் விழிப்பதை மூன்று நிமிட ஒலித்துண்டாகச் செய்ய வேண்டும். பேச்சும் இசையும் கூடாது. அதற்கு முன்னால் இரண்டு முன்னோடிகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடந்தது. ஒருவர் ஜெர்மனியின் வால்டர் ருட்மன். 1930இல் பெர்லின் நகரத்தின் ஒரு வார இறுதியைப் படச்சுருளில் ஒலியாக மட்டும் பதிந்து, காட்சியே இல்லாத ஒரு படத்தைச் செய்தார். மற்றவர் பிரான்சின் பியர் ஷெஃபர். 1948இல் ரயில் எஞ்சின்களின் ஓசையை வெட்டி ஒட்டி இசை என்று வானொலியில் ஒலிபரப்பினார். ரயில் சத்தம் இசையாகலாம் என்றால் நம் தெருச் சத்தமும் ஆகலாம் என்ற உற்சாகத்தில், அதிகாலை நாலரை மணிக்கு மாசி வீதிகளில் போய் நின்றோம்.

கடைகளின் ஷட்டர், பால்காரரின் சைக்கிள், கோயில் ஒலிபெருக்கி, முதல் பேருந்து எல்லாம் பதிவாயின. எல்லாவற்றையும்விட அதிக நேரம் பதிவானது சீமாறு தெருவைக் கூட்டும் சத்தம். அந்த நேரத்தில் மதுரையை எழுப்புவது அதுதான். எங்கள் மூன்று நிமிடத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் அதற்கே போனது.

திரும்பி வந்த தாளில், கோயில் மணி வரும் இடத்தில் ‘நல்ல சூழலொலி’ என்று எழுதியிருந்தது. சீமாறு வரும் இடத்தில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள்: ‘இரைச்சல். நீக்கவும்.’

எழுதியவரை இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் வரவில்லை. அவருக்கு அது உண்மையாகவே இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும். செவி பிறக்கும்போதே இப்படிப் பிரித்துக் கேட்பதில்லை, பழக்கப்படுகிறது. கருவியும் அப்படித்தான். கைப்பேசியில் இருக்கும் இரைச்சல் நீக்கி மனிதப் பேச்சைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்டது. எல்லா அலைவரிசையிலும் பரவி, ஒரே சீராக நீளும் ஓசையைக் கண்டால் தேவையற்றது என்று முடிவு செய்து கழித்துவிடும். கூட்டும் சத்தம் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட ஓசைதான். முதல் நாள் கைப்பேசியில் பதிந்தபோது சீமாறு பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. கேட்க வேண்டியது எது, கழிக்க வேண்டியது எது என்று கருவிக்கும் யாரோ முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அமுதன் ஆர்.பி.யின் ‘பீ’ ஆவணப்படத்தைப் பார்த்தோம். 2003இல் இதே மதுரையில் எடுக்கப்பட்டது. மலம் அள்ளத் தடைச் சட்டம் வந்தது 1993இல். பத்து ஆண்டு கழித்தும் மதுரைத் தெருவில் ஒரு பெண் மனித மலத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார் என்பதை அந்தப் படம் பதிவு செய்தது. முதல் முறை எங்களால் திரையை நேராகப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் முறை திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, ருட்மன் படத்தைப் போலக் காதால் மட்டும் கேட்டோம். காட்சி போனதும் அருவருப்பும் போய்விட்டது. வேலை மிஞ்சியது. வேலை செய்துகொண்டே பேசும் ஒரு பெண் மிஞ்சினார். பார்க்கும்போது முகம் சுளித்த நாங்கள், கேட்கும்போது அவர் சொல்வதைக் கவனித்தோம். ஒரு படத்தை ஆராய்வது என்பது இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. எந்தப் புலனை மூடினால் எது வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அதே அமுதன் 2004இல், ‘வந்தே மாதரம்’ என்ற தலைப்பின் கீழ் மலம் அள்ளும் உழைப்பைக் காட்டி ஓர் இசைப்படம் செய்தார். பேசும் படம் வந்த புதிதில், 1928இல், ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்சாந்திரோவ் மூவரும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒலி காட்சிக்குப் பின்பாட்டுப் பாடக் கூடாது, அதற்கு எதிர்நிலையில் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தக் கருத்து, தேசபக்தியையும் மலக்கூடையையும் ஒரே சட்டகத்துக்குள் பார்த்தபோதுதான் எங்களுக்குப் பொருள்பட்டது. சோதனைப் படம் என்றால் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. நம் தெருவில் ஏற்கெனவே நடந்திருக்கிறது.

இரைச்சலைப் பற்றிச் சொன்னோம். மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஜான் கேஜ் 1952இல் எழுதிய ஓர் இசைக்கோவையில், கலைஞர் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று நொடி எதையும் வாசிக்க மாட்டார். அரங்கில் தானாக எழும் ஓசைகள்தாம் இசை. வகுப்பில் இதைக் கேட்டபோது மேலூர்ப் பக்கத்து நண்பருக்குத் தன் ஊர் ஞாபகம் வந்தது. அங்கே ஊர்ச் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை அடிப்பது சேரியின் கட்டாய வேலையாக இருந்தது. ஒரு தலைமுறை அடிக்க மாட்டோம் என்று சொன்னது. வயல்வேலை மறுக்கப்பட்டது. பட்டினி கிடந்தார்கள், பணியவில்லை. அந்த ஊரில் பறை ஒலிக்காமல் இருப்பது போராடி வாங்கிய மௌனம்.

இது தெரியாமலே எங்கள் முதல் குறும்படத்தில், ஊர்வலக் காட்சிக்கு இணையத்திலிருந்து எடுத்த ஒரு பறை லூப்பை ஒட்டியிருந்தோம். கோபம் என்றால் பறை போடு என்பது எங்கள் எடிட்டிங் அறிவு. படத்தைப் பார்த்த நண்பரின் தாத்தா, ஒரு காலத்தில் அடித்தவர், ஒன்றே ஒன்று கேட்டார்: “இது எந்த அடிய்யா? சாவுக்கா, சாமிக்கா?” எங்களிடம் பதில் இல்லை. ஒவ்வொரு சடங்குக்கும் தனித்தனி அடி உண்டு என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேலூருக்கும் அலங்காநல்லூருக்கும் ரொம்பத் தூரமில்லை. அங்கே வேலு ஆசான் பறையை விடுதலைக் கலையாகக் கையிலெடுத்து இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கீழே வைத்ததும் மானத்துக்காக, கையில் எடுத்ததும் மானத்துக்காக. இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் பறையைப் பதியப் போகிறவர் தோலின் அதிர்வை மட்டும் பதிந்துகொண்டு வருவார்.

கடைசியாக, நாங்கள் செய்த தவறு.

சிவப்பு மைக்குப் பதில் சொல்வதற்காகவே இறுதியாண்டில் சீமாறு சத்தத்தை மட்டும் வைத்து ஐந்து நிமிட ஒலித்துண்டு செய்தோம். எங்களில் ஒருவருடைய அம்மா கூட்டும்போது நாற்பது நிமிடம் பதிந்து, அதிலிருந்து வெட்டிச் சேர்த்தோம். நல்ல மதிப்பெண் வந்தது. நண்பர்கள் கைதட்டினார்கள். வேலை முடிந்து வந்த அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டி விட்டோம். முழுவதும் கேட்டார். கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “சீமாத்துச் சத்தம் நல்லாத்தேன் கேக்குது. நான் எங்கடா இருக்கேன்?”

அன்று இரவே மூலப் பதிவைத் திறந்து கேட்டோம். அதில் அவர் இருமுகிறார். உடைந்த பாட்டிலைச் சுற்றாமல் குப்பையில் போட்ட வீட்டைத் திட்டுகிறார். ஒரு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு பழைய பாட்டை முனகுகிறார். தாளம் கெடுகிறது என்று இவை அத்தனையையும் நாங்கள்தான் வெட்டியிருந்தோம். சிவப்பு மை எங்கள் கையிலும் இருந்திருக்கிறது.

பிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மறுபடியும் எடிட் செய்தோம். இருமல் இருக்கட்டும் என்றார். திட்டு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றார். ஓர் இடத்தில் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார்: “இது வேணாம்ப்பா. நாளைக்கும் நான் வேலைக்குப் போகணும்ல.” அந்த ஒன்பது நொடியை எடுத்துவிட்டு, அந்த நீளத்துக்கு வெறும் மௌனத்தை வைத்தோம். அங்கே என்ன இருந்தது என்று இங்கேயும் சொல்ல மாட்டோம். இவ்வளவு சொல்வதற்கு மட்டும் அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம்.

இப்போது எந்தப் படத்தை, எந்த ஒலியை ஆராய்ந்தாலும் மூன்று கேள்விகளோடு தொடங்குகிறோம். இதில் இரைச்சல் என்று கழிக்கப்பட்டது யாருடைய ஓசை? இதில் இருக்கும் மௌனம் வாயை அடைத்ததால் வந்ததா, அவர்களே எடுத்த முடிவா? பதியப்பட்டவர் இதைக் கேட்டால் தன்னைக் கண்டுபிடிப்பாரா? மூன்றாவது கேள்வி எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அம்மா கொடுத்தது.

நம் இலக்கியத்தில் தன் வரலாறுகளுக்கு முக்கிய இடம் உண்டு. ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று கேட்டு எழுதினார்கள். கருவியைக் கையில் எடுக்கும் எங்கள் தலைமுறைக்கு அதே கேள்வி வேறு பக்கமிருந்து வருகிறது. நம்மைப் பதிந்தவர்களிடம் நாம் கேட்டதை, நாம் பதிகிறவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். நம் வீட்டுக்குள்ளிருந்தே கேட்கிறார்கள்.

இப்போது அந்த ஒலித்துண்டை இங்கே ஒலிக்க விடுகிறோம். அம்மா வரவில்லை, விடிவதற்கு முன் வேலை இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினார்: “விளக்க அணைச்சிராதீங்க. எல்லாரும் தூங்கிருவாங்க.”

விளக்கு எரியட்டும். கேட்போம்.