குச்சிக்கிழங்கைக் காக்கும் குட்டிக் குளவி

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு போடாத ஊர் குறைவு. களை வெட்டுவதும் நாம்தான், மருந்து அடிக்கும்போது தண்ணி சுமந்து ஊற்றுவதும் நாம்தான். மருந்துக்கடை பாக்கிக்காகக் குழுவில் கடன் கேட்பதும் நாம்தானே! அதனால் மாவுப்பூச்சி பற்றி இன்றைக்குப் பேச வந்தேன்.

2008-ல் வந்த பப்பாளி மாவுப்பூச்சி பலருக்கு ஞாபகம் இருக்கும். அதை அடக்கியது மருந்து இல்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிதான்.

இப்போது இருப்பது வேறு பூச்சி. மரவள்ளிக்கே உரியது. 2020-ல் கேரளாவில் கண்டுபிடித்தார்கள், பிறகு இங்கே வந்தது. நுனி சுருண்டு கொத்தாக நின்றுவிடும், செடி வளராது. இந்தப் பூச்சியில் எல்லாமே பெண்தான். ஆண் துணை இல்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். மேலே மாவும் மெழுகுமாக மூடியிருப்பதால் மருந்து உள்ளே இறங்காது.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே சோற்றுக்கே வழியில்லாமல் செய்தது. ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானியின் குழு, தென் அமெரிக்காவில் கிடைத்த ஒரு குளவியை 1981 முதல் அங்கே விட்டது. பூச்சி அடங்கியது. 1995-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதே குளவியைத்தான் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் நம்ம ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

குளவி என்றதும் பயப்பட வேண்டாம், நம்மைக் கொட்டாது. எறும்பை விடச் சின்னது. மாவுப்பூச்சி உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்று வளரும். பூச்சி பழுப்பு நிறமாக உப்பிக் காய்ந்துவிடும். அதில் ஓட்டை போட்டுப் புதுக் குளவி வெளியே வரும்.

பொறிவண்டும் மாவுப்பூச்சியைத் தின்னும். ஒரு வகைப் பொறிவண்டின் புழு, பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக இருக்கும். ஆனால் பெரிசு, வேகமாக ஓடும். அதை நசுக்கிடாதீங்க.

குளவி ஒரு வாரத்தில் வேலை முடிக்காது. வீட்டுக்காரர் பொறுமை இழந்து டேங்கைத் தூக்குவார். அங்கேதான் சிக்கல். நான் அடிக்காமல் இருந்து பக்கத்துக் காட்டில் அடித்தால், அங்கே போன என் குளவியும் சாகும். தனியாக ஒருத்தி செய்கிற காரியம் இல்லை இது. குளவி விட்ட பகுதியில் யாரும் மருந்து அடிப்பதில்லை என்று குழுவாகத் தீர்மானம் போட்டு நோட்டில் எழுதணும். நடவுக்குப் பூச்சி இல்லாத காட்டுக் கரணையாகப் பார்த்து வாங்கணும், கரணை வழியாகத்தான் அதிகம் பரவுது. கொத்தான நுனியை ஒடித்து எரிக்கலாம், ஆனால் பழுப்புப் பூச்சி இருந்தால் எரிக்கக் கூடாது. அதுக்குள்ளே குளவி இருக்கும்.

குளவி வேண்டுமானால் ஏத்தாப்பூரிலோ தோட்டக்கலை அலுவலரிடமோ கேட்போம். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு நுனியை ஒடித்து, பையில் இறுக்கிக் கட்டி எடுத்து வாங்க. எந்தக் காட்டில் ஏற்கனவே குளவி வந்திருக்குன்னு பார்த்துடலாம்.