நடக்கும் பாதை யாருடையது?

(பெரம்பலூர் - அரியலூர் வட்டார ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் முக்கிய பகுதி)



இன்று கூலியைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேச நாம் எழுந்திருக்கவில்லை. பாதையைப் பற்றிப் பேசப் போகிறோம். பாதையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் துவக்கியது. 14 ஜில்லாக்களில் 40 காட்டுப் பாதைகளைப் பொறுக்கி எடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, வழிகாட்டியைத் துணைக்கு அனுப்பி, பிரயாணிகளை நடத்திக் கூட்டிப்போவது அந்தத் திட்டம். அவற்றில் பல மேற்கு மலைத்தொடரில் இருக்கின்றன. ஆனால் நம் பக்கத்தில் காட்டுவதற்கு ஒன்றுமில்லையா? சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். காரையில் மழை அறுத்த ஓடைப் பள்ளங்களில், பழைய கடலில் வாழ்ந்த பிராணிகளின் கூடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. லாடபுரத்துக்கு மேலே பச்சைமலையில் மயிலூற்று அருவி. அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரி. 1999-ல் பறவைச் சரணாலயமாயிற்று, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. இமயமலைக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்து வந்து இறங்கும் ஏரி அது. இவற்றையெல்லாம் சுற்றுலாத் தலங்களாக்க வேண்டும் என்ற பேச்சு நம் காதுக்குப் புதிதல்ல. இன்று பேச்சாக இருப்பது நாளை திட்டமாகி, கொடி நட்டு அளக்க ஆள் வரும்போது நாம் என்ன சொல்லப் போகிறோம்?

டீக்கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, களை எடுத்துவிட்டு வந்த ஒரு பாட்டி கேட்டார்: "நடக்கிறதுக்குமா காசு? அப்படின்னா எனக்கு எவ்வளவு தரணும் இவங்க?" எல்லோரும் சிரித்தோம். கேள்வி என்னவோ சிரிப்புக்குரியதல்ல.

ஏரிக்கரை நமக்குக் காட்சி மேடை அல்ல. விடியுமுன் நடவுக்குப் போகிறவளுக்கு அதுதான் ரோடு. புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வந்து கரைவெட்டி நிரம்பினால்தான் கீழே நெல். நெல் இருந்தால்தான் நமக்கு வேலை. காரைப் பள்ளங்களில் ஆட்டுத் தடம் இருக்கிறது. பச்சைமலையில் மலையாளி மக்கள் சுமை சுமந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. இந்தத் தடங்களை யாரும் டெண்டர் விட்டுப் போடவில்லை. கால்கள் போட்டவை. அங்கே ஒரு கேட்டு போட்டு, சீட்டுக் கொடுக்க ஆளை உட்கார வைத்து, "இந்த நேரத்தில் வராதே, ஆட்டை ஓட்டிக்கொண்டு போ" என்று சொல்லத் துவங்கினால் கஷ்டம் யாருக்கு?

நியாயத்தையும் சொல்லிவிடுவோம். அந்த 40 பாதைகளுக்கு உள்ளூர் வாலிபர்களையும் பழங்குடி வாலிபர்களையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்திருக்கிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் இரண்டு பேருக்கு வேலை கிடைத்ததைக் காட்டி இருநூறு பேரைச் சுற்றுவழியில் அனுப்பக் கூடாது.

குரங்கணியை மறந்துவிட வேண்டாம். 2018 மார்ச் 11-ந் தேதி, தேனி ஜில்லாவில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று அடிபட்டவர்களைத் தேடி முதலில் ஏறியவர்கள் அடிவாரத்து ஜனங்கள். எந்த மாதத்தில் எந்தச் சரிவு பற்றும் என்பது அங்கே குடியிருப்பவனுக்குத் தெரியும். அவனைக் கேட்காமல் பாதை குறிப்பது நடக்க வருகிறவனுக்கும் ஆபத்து.

ஆகவே "பிரயாணியே வராதே" என்பது நம் கோஷம் அல்ல. நடக்கும் உரிமைக்காக உழைப்பாளிகள் சிறை சென்றிருக்கிறார்கள். 1932 ஏப்ரல் 24. இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஆலைகளின் புகையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்கப் போக அவர்களுக்கு இடமில்லை. பக்கத்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலம். பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்காகப் பூட்டி வைத்திருந்தார்கள். பென்னி ராத்மன் என்ற 20 வயதுக் கம்யூனிஸ்ட் வாலிபர் முன்னே நிற்க, நூற்றுக்கணக்கான உழைப்பாளிகள் தடையை மீறி மேலே ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேருக்குச் சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். 2002-ல், எழுபதாவது ஆண்டு நிகழ்ச்சியில், அந்தப் பிரபுவின் வம்சத்தில் வந்தவரே அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

இதில் நமக்குப் பயன்படும் சங்கதி இன்னொன்று உண்டு. 1949-ல் அங்கே வந்த சட்டம் தேசியப் பூங்காக்களை மட்டும் உண்டாக்கவில்லை. ஜனங்கள் நடக்கும் பாதைகளையெல்லாம் அளந்து, வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. அந்த வேலையில் கிராம சபைகள் போன்ற உள்ளூர் சபைகள் இறங்கி, ஒவ்வொரு பாதையாக நடந்து பார்த்து எழுதின. வரைபடத்தில் ஏறிய பாதையை நிலச்சொந்தக்காரன் தன் இஷ்டத்துக்கு அடைத்துவிட முடியாது.

நம் நிலைமை என்ன? சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம் எத்தனை வண்டிப்பாதைகளை விழுங்கியது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். கல் லாரி ஓடும் ரோட்டில், சிமெண்டுத் தூசியில், ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிறவன் லாரி வரும்போதெல்லாம் புழுதிக்குள் இறங்கி நிற்கிறான். பள்ளிப்பிள்ளைகளும் அதே ஓரத்தில்தான் நடக்கிறார்கள். பாதைக்குப் பணம் இருக்கிறதென்றால் முதல் பாதை அங்கே போடப்பட வேண்டும். கல்மரம் 12 கோடி ஆண்டு காத்திருந்தது. இன்னும் சில மாதம் காத்திருக்கும்.

என்ன செய்யலாம்? காடு சம்பந்தப்பட்ட இடத்தில் 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இருக்கிறது. மேய்ச்சல், சிறு வனப் பொருள் ஆகியவற்றில் அங்குள்ளோருக்கு உள்ள உரிமையை அது ஒப்புக்கொள்கிறது. கிராம சபைக்கு அதில் பேச்சு உண்டு. மற்ற ஊர்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை கூட வேண்டிய நாட்கள். பாதைத் திட்டம் வந்த பிறகு ஆட்சேபணை மனு எழுதுவது பாதி தோல்வி. இப்போதே நம் பட்டியல் தயாராக வேண்டும். கிராம வரைபடத்தை வாங்கி, அதில் வண்டிப்பாதை என்று போட்டிருப்பது தரையில் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். அடைபட்டது எது, யார் அடைத்தது, வரைபடத்தில் இல்லாமல் நாம் தலைமுறையாய் நடப்பது எது என்று எழுதுங்கள். சுடுகாட்டுப் பாதையை விட்டுவிடாதீர்கள். தகராறு அதிகம் அதில்தான். எழுதியதைச் சபையில் தீர்மானமாக்கி, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விறகுத் தடமும் தண்ணீர்த் தடமும் பெண்களுக்குத்தான் சரியாகத் தெரியும். அவர்கள் இல்லாமல் இந்தப் பட்டியலை எழுத உட்கார வேண்டாம். ஊருக்கு இரண்டு ஆண், இரண்டு பெண் என்று பெயர் கொடுங்கள். கூட்டம் கலையுமுன் மேடைக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருப்போம்.