சம்பந்தி சண்டை இல்லாத கல்யாணம்

பழவேற்காட்டுப் பெரியவர்களே, தாய்மார்களே, வலையை உதறிப் போட்டுவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

கல்யாணத்தைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். இரண்டு பெண்கள் செய்துகொண்ட கல்யாணம் அது.

2022 ஆகஸ்ட் மாதக் கடைசியில், சென்னையில், பிராமண முறைப்படி நடந்தது. மேடையில் இரண்டு மணப்பெண்கள். அவரவர் அப்பா மடியில் உட்கார்ந்தார்கள், மாலை மாற்றினார்கள். பத்திரிகையில் படம் பார்த்ததும் எனக்கு ஒரே யோசனை: இதில் மாப்பிள்ளை வீடு எது?

நம் கல்யாணங்களில் பாதிக் கூத்து மாப்பிள்ளை வீட்டாருடையதுதானே! சாம்பாரில் உப்புக் குறைந்தால் கோபம், காபி ஆறினால் கோபம். மாப்பிள்ளையின் சித்தப்பா முறுக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். நாலு பேர் போய்க் கெஞ்சி அழைத்து வரவேண்டும். இங்கேயோ இரண்டு பக்கமும் பெண்ணைப் பெற்றவர்கள். இரண்டு பக்கமும் கைகூப்பி, "குறை இருந்தா மன்னிச்சிக்குங்க சம்பந்தி" என்பார்கள். கோபித்துக்கொள்ள ஆளே இல்லை. பாவம், அந்தச் சித்தப்பா என்ன செய்வார்?

சிரியுங்கள். இது நல்ல சிரிப்பு. ஆனால் நம் சினிமா எத்தனையோ வருஷமாக, ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் என்று இப்படிப்பட்ட பிள்ளைகளின் நடையையும் பேச்சையும் காட்டிச் சிரிக்க வைத்தது. அந்தக் கொட்டகை இருட்டில் அப்படி ஒரு பிள்ளையும், யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று, சேர்ந்து சிரித்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. 2025-ல் வந்த 'காதல் என்பது பொதுவுடமை' படத்தில், மகள் ஒரு பெண்ணை விரும்புகிறாள் என்று தெரிந்து அம்மாவாக வரும் ரோகிணி திண்டாடுகிறார். சிரிப்பு அந்தத் திண்டாட்டத்தில் வருகிறது. அந்தப் பெண்களைப் படம் கேலி செய்யவில்லை.

சினிமாவில் மட்டும் இல்லை, நிஜத்திலும் ஒருவரை ஒருவர் விரும்பிய இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்தார்கள். பெற்றவர்கள் போலீசுக்குப் போனார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2021-ல் அதை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இந்த மாதிரி உறவு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். உயர் நீதிமன்ற நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், ஒரு அப்பா கேட்கக் கூடாதா?

உச்ச நீதிமன்றம் 2023-ல் இப்படிப்பட்ட கல்யாணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தரவில்லை. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றது.

உங்கள் ஊர்களில் ஒரு சிக்கல் வரும். இங்கே கல்யாணம் ஆனால்தான் ஆண்பிள்ளை தலைக்கட்டு, அதாவது ஊர்க்கணக்கில் ஒரு குடும்பம். அப்புறம்தான் ஊர் வரி, ஏரியில் முறை வைத்து வலை போடும் பாடு. நாளைக்கு ஒரு மகன் இன்னொரு வீட்டு மகனைக் கைபிடித்துக் கூட்டி வந்தால், அது ஒரு தலைக்கட்டா, இரண்டா? ஊர்க்கூட்டம் விடியவிடிய நடக்கும். நடக்கட்டும்! அந்த இரண்டு பேரையும் நடுவில் உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டுப் பேசுங்கள். என்னையும் கூப்பிடுங்கள். நான் இரண்டு வரிக் கட்சி. இரண்டு வரி வாங்கினால் இரண்டு பாடு கொடுத்தாக வேண்டும்.