சதுர்த்தசியில் ஒரு மாலை



கொல்கத்தா லேக் கார்டன்ஸில் ஐப்பசி விடியற்காலை. வங்காளிகளின் ஆறு பருவங்களில் இது ஹேமந்தம். இலேசான குளிர்தான், ஆனாலும் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வரும் பெரியவர்கள் மங்கி கேப் இல்லாமல் படியிறங்க மாட்டார்கள். நாய்க்கு அந்தக் கவலை ஏது? மண்ணை மோந்துகொண்டே போகும்.

நமக்கே மூக்கில் ஏறும் வாசனை ஒன்றும் உண்டு. அங்கே சாத்திம் என்பார்கள், நம் ஏழிலைப்பாலை. மேற்கு வங்கத்தின் மாநில மரம். பூப்பது இந்தப் பருவத்தில்தான். பக்கத்திலேயே ரவீந்திர சரோவர். இயற்கை ஏரி என்று நினைத்துவிடாதீர்கள், 1920-களில் வெட்டியது. டாக்குரியா ஏரி என்றிருந்ததற்கு 1958-இல் தாகூர் பெயரை வைத்தார்கள்.

சொல்ல வந்த தகவல் இனிமேல்தான். நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நரக சதுர்த்தசி இருக்கிறதே, அதே நாளில், அதே மேற்கு வங்கத்தின் வடகோடியில், டார்ஜிலிங் மலையில் வாழும் நேபாளி மக்கள் நாய்க்குப் பூஜை செய்கிறார்கள். குக்குர் திஹார் என்று பெயர். நெற்றியில் திலகம், கழுத்தில் செண்டுமல்லி மாலை, வயிறு நிறையச் சாப்பாடு. நாய் எமனின் தூதன் என்பது நம்பிக்கை. தெருநாய்க்கும் மாலை விழும்.

நம் ஊரில் அன்றைக்கு நாய் எங்கே இருக்கும்? கட்டிலுக்கு அடியில். நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டால், அது சுமார் 45,000 வரை கேட்கும். சரவெடி அதன் காதில் எப்படி விழும்?

அன்றைக்கு மட்டும், பட்டாசுக்கு முன்பே நடக்கக் கூட்டிப் போய்விடுங்கள்.