தொட்டு ஆடும் ஆட்டம்



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் விளையாட்டைப் பற்றிப் பேச வந்துள்ளாரே இத்தலைமையாசிரியர் என்று சிலர் எண்ணக்கூடும். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்றும் கற்காத பாடம் ஒன்றை ஒரு விளையாட்டுத் திடலில் கற்றேன். அதனை உங்களிடம் ஒப்படைக்கவே வந்துள்ளேன்.

நம் உழவர்கரைக்கு வடக்கே, சில கல் தொலைவில் உள்ளது ஆரோவில். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள், 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவான தாழி ஒன்றில் இட்டுத் தொடங்கப்பெற்ற நகர் அது. ஆதலால் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் பொங்கல் விளையாட்டுகள் நடைபெறும்போது வெளிநாட்டவர் வந்து காண்பது வியப்பன்று. அத்தகைய சிற்றூர் ஒன்றின் காலனி இளைஞர்கள், காணும் பொங்கலன்று பரிசு வழங்க என்னை அழைத்திருந்தனர்.

சாக்கு ஓட்டம், உறியடி, கயிறு இழுத்தல், இறுதியாகக் கபடி என ஆட்டங்கள் விறுவிறுப்பாக நடந்தன. வெளிநாட்டவர் சிலர் நம் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து பார்த்தனர். சாக்கோடு விழுந்து எழுந்து கடைசியாக வந்த சிறுவனுக்கும் அவர்கள் கைதட்டினர். நாம் முதலில் வந்தவனுக்கு மட்டுமே தட்டினோம். அது முதற்பாடம்.

அடுத்து, அவர்களுள் முதியவரான ஓர் அம்மையார் ஆங்கிலத்தில் என்னை வினவினார்: “நேற்றும் இதே ஊரில், கோயில் பக்கத்துத் திடலில் இதே ஆட்டங்களைக் கண்டோம். ஓர் ஊருக்கு ஏன் இரண்டு விழா?”

நான் என்ன கூறினேன் தெரியுமா? “ஊர் பெரிது, ஒரே திடலில் இடம் போதாது” என்றேன். அம்மையார் தலையசைத்தார். ஆனால் என்னருகே நின்ற கபடி அணித் தலைவன் தலைகுனிந்தான். விழா முடிந்து என்னைப் பேருந்தில் ஏற்ற வந்தவன், “சார், அந்தத் திடல் இதைப்போல் மூன்று மடங்கு” என்று மட்டும் சொன்னான். அதற்கு என்னிடம் விடையில்லை.

இளைஞர்களே, அன்று நான் வெட்கப்பட்டு உண்மையை மறைத்தேன். எதற்காக வெட்கம்? திடலைப் பிரித்தவர்கள் நாம் அல்லவே! பிறர் செய்த பிழைக்கு நாம் கூசுவதும், விருந்தினர்முன் அதனை மூடி மறைப்பதும் நம் நெஞ்சில் ஊறிவிட்ட பழக்கம். அப்பழக்கம் என்னைப்போல் பட்டம் பெற்றவனையும் விடவில்லை.

அயலார் பாராட்டே விடுதலை தந்துவிடும் என்றும் எண்ணிவிடாதீர். தார்வாரில் பிறந்து, ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து உயர்ந்த பல்வாங்கர் பாலு, புனேயில் ஆங்கிலேயரின் ஆடுகளத்தில் பணியாளராக இருந்து, அவர்களுக்கே பந்து வீசித் தேர்ந்தார். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தகையவருக்கு உள்நாட்டில் கிடைத்தது என்ன? உடன் ஆடியோர் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, அவருக்கு மட்டும் வெளியே மண் கலயம்! அவரைத் தலைவராக்க மறுத்தவர்கள், 1923-இல் அவர் தம்பி விட்டலைத் தலைவராக்கும் நிலை வந்தது. அதுவும் கேட்டுப் போராடியே வந்தது.

வெளிநாடுகளும் இதில் குறையற்றவை அல்ல. 1936-இல் பெர்லினில் நான்கு தங்கம் வென்ற கறுப்பின வீரர் ஜெசி ஓவன்ஸ், தாயகம் திரும்பியபோது, தமக்கு நடந்த வரவேற்புக்கே சரக்கேற்றும் மின்தூக்கியில் செல்ல நேர்ந்தது. அதே பெர்லின் விழாவில்தான் அமராவதியிலிருந்து சென்ற குழுவினர் நம் கபடியை உலகினர்க்கு ஆடிக் காட்டினர்.

அந்தக் கபடியைச் சற்று எண்ணிப் பாருங்கள். தொடாமல் ஆட்டம் இல்லை; பிடிக்காமல் வெற்றி இல்லை. தொட்டு ஆடும் ஆட்டத்தைத் தந்த நாட்டிலேயே, தொட்டுவிடுவார்களோ என்று அஞ்சித் திடலைப் பிரிக்கிறார்கள்! நம் புதுவை மண் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் சமத்துவம் என்ற சொல்லைக் கேட்டது. பின்னர், தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவையும் பெற்றது. சட்டம் வந்துவிட்டது, திடலுக்கு அதனை நாம்தாம் கொண்டு செல்ல வேண்டும்.

ஆகவே சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, ஆண்டுதோறும் நாம் நடத்தும் விளையாட்டு விழாவை அரசுப் பள்ளித் திடலில் நடத்துவோம். அது எத்தெருவுக்கும் தனியுடைமையன்று. இரண்டாவது, எல்லாத் தெருப் பிள்ளைகளையும் அழைத்து, சீட்டுக் குலுக்கி அணி பிரிப்போம். தெருப் பெயரில் அணி வேண்டா. மூன்றாவது, நம் பெண்மக்களைக் கோலப் போட்டியோடு நிறுத்திவிடாமல் ஓடவும் கபடி ஆடவும் விடுவோம்.

அழைத்தால் வருவார்களா என்று கேட்பீர்கள். முதலாண்டில் ஐவர் வரலாம். ஒருவரும் வராமலும் போகலாம். மறு ஆண்டும் அழைப்போம். அழைக்காதவர்கள் நாம் என்ற பழி நமக்கு வேண்டா.

நாளை ஒரு விருந்தினர் வந்து, “ஏன் இரண்டு விழா?” என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி, தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அதனை மாற்ற நாம் செய்துவருவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கபடி அணித் தலைவனுக்கு நான் தர வேண்டிய விடை அதுவே. அவனுக்கு அன்று தராததை உங்கள்முன் இன்று தந்துவிட்டேன்.