நல்ல கண்ணை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் தோட்ட மாதர் தலைவி ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடை ஏறினால் சம்பளத்தைப் பற்றியும் கிலோ கணக்கைப் பற்றியும்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு என் சின்ன மகளின் இடக் கண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். இதுவும் சங்க விஷயம்தான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அவளுக்கு அப்போது 4 வயது. வலக் கண்ணில் கண்கட்டி வந்து இமை வீங்கி மூடிக்கொண்டது. ரொட்டித் தட்டை முன்னால் வைத்தேன். தட்டுக்குப் பக்கத்தில் தரையைத் தடவுகிறாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். வாசலுக்குப் போகும்போது நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். "இந்தக் கண்ணுல சரியா தெரியல அம்மா" என்றாள். அந்த இடக் கண்ணில் சிவப்பு இல்லை, பூளை இல்லை, வாக்குக் கண்ணும் இல்லை. பார்க்க அழகான கண். பிறந்ததிலிருந்து அந்தக் கண்ணில் அவளுக்குப் பார்வை மங்கல் என்பது 4 வருசமாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. நல்ல கண் ஒன்று இருக்கும்போது பிள்ளை எப்படிச் சொல்லும்?

குடும்பநல மிட்வைஃப் அம்மா கடிதம் கொடுத்து டவுன் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே இருந்த டொக்டர் அம்மா, "இது சோம்பேறிக் கண்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளை சோம்பேறி இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு விளங்கப்படுத்தினார். நான் அதை நம்முடைய பாஷையில் சொல்கிறேன்.

ஒரே நிரையில் இரண்டு பேர் கொழுந்து எடுக்கிறார்கள். ஒருத்திக்குக் கை வேகம். மற்றவள் புதிசு, கை மெதுவு. கங்காணி எப்போதும் வேகக்காரியையே முன்னால் விட்டு, அவள் கொழுந்தையே நிறுத்தால், மற்றவள் எப்போது பழகுவாள்? மூளை அந்தக் கங்காணி மாதிரி. ஒரு கண் தெளிவான படம் அனுப்புகிறது, மற்றது மங்கலான படம் அனுப்புகிறது. மூளை தெளிவான கண்ணையே நம்பி, மற்றக் கண்ணின் படத்தைத் தள்ளிவிடுகிறது. அந்தக் கண்ணால் பார்க்க மூளை பழகாமலே போய்விடுகிறது. பிள்ளை செய்யும் சோம்பல் எதுவும் இதில் இல்லை.

இது மூன்று விதமாக வரும். ஒரு கண்ணின் பவர் மற்றதைவிட அதிகமாக இருந்தால் வரும், என் மகளுக்கு இதுதான். வாக்குக் கண்ணாக இருந்தால் வரும். இமை தொங்கியோ, உள்ளே கண்புரை இருந்தோ பார்வையை மறைத்தால் வரும். பல நாடுகளில் பார்த்த கணக்கில், நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. நம் பிள்ளைக் காம்பராக்களிலும் இருக்கும்.

முதலில் கண்ணாடி கொடுத்தார்கள். சில பிள்ளைகளுக்குக் கண்ணாடியை ஒழுங்காகப் போட்டாலே போதும், பார்வை வந்துவிடும். என் மகளுக்குக் கொஞ்சம் கூடியது, அதற்கு மேல் நகரவில்லை. அப்போதுதான், "நல்ல கண்ணில் ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம் பிளாஸ்டர் ஒட்டுங்கள்" என்றார்கள்.

வீட்டில் அப்பாயி அழாத குறை. "தெரியிற கண்ண மூடிட்டு தெரியாத கண்ணால பாருன்னு சொல்றாங்களே, இது என்ன வைத்தியம்டி?" என்றார். நியாயமான கேள்விதான். வேகக்காரியைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தால்தான் மற்றவள் கை பழகும் என்பதுதான் பதில். இது நேற்று வந்த வைத்தியமும் இல்லை. பிரான்ஸ் நாட்டில் பஃபோன் என்ற அறிஞர் 1743-லேயே வாக்குக் கண் பிள்ளைகளுக்கு நல்ல கண்ணை மூடும்படி எழுதியிருக்கிறார்.

எத்தனை மணித்தியாலம் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பார்வைக் குறைவு நடுத்தரமாக இருந்த பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. 4 மாதம் கழித்துப் பார்த்தபோது, 2 மணித்தியாலம் ஒட்டிய பிள்ளைகளும் 6 மணித்தியாலம் ஒட்டிய பிள்ளைகளும் ஒரே அளவுக்குத்தான் முன்னேறியிருந்தார்கள். பார்வை மிகவும் குறைந்த பிள்ளைக்குக் கூடுதல் நேரம் சொல்லலாம். ஆகவே பக்கத்துக் காம்பரா பிள்ளையின் கணக்கை உங்கள் பிள்ளைக்கு எடுக்க வேண்டாம். சீக்கிரம் குணமாகட்டும் என்று நாமாகவே கூட்டவும் வேண்டாம். அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வையும் குறையலாம்.

இனி நடைமுறை. முதல் வாரம் எங்கள் வீடு போர்க்களம். காலையில் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் ஒட்டினேன். அவள் பிய்த்தாள். நான் அடித்தேன். அவள் அழுதாள், அழுத கண்ணீரில் பிளாஸ்டர் கழன்றது. அடித்து ஒட்ட முடியாது, சகோதரிகளே. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு நேரத்தை மாற்றினோம். பிள்ளைக் காம்பரா ஆயம்மாவிடம் பேசி, காலை தேத்தண்ணிக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அங்கே ஒட்டினோம். பின்னேரம் நான் வந்து முகம் கழுவிய பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் இன்னொரு மணித்தியாலம். நேரத்தைப் பிரிக்கலாமா என்று டொக்டர் அம்மாவிடம் கேட்டுத்தான் செய்தோம். ஒட்டியதும் சும்மா உட்கார வைக்காமல் கைவேலை கொடுத்தோம். அரிசியில் கல் பொறுக்குவது, பயறு வேறு கடலை வேறாகப் பிரிப்பது, பூக் கோர்ப்பது, படத்துக்கு நிறம் தீட்டுவது. கண்ணுக்கு வேலையும் ஆச்சு, அவளுக்கு நேரம் போனதும் தெரியவில்லை. சுவரில் இருக்கும் சங்கக் கலண்டரில், ஒட்டி முடித்த நாளுக்கெல்லாம் அவள் கையாலேயே ஒரு ஸ்டிக்கர் பொட்டு வைக்கச் சொன்னேன். ஏழு பொட்டு சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்ட பலகாரம்.

பிளாஸ்டரை முகத்தில் ஒட்டி அதற்கு மேல் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடி மேல் மட்டும் துணியைக் கட்டினால் பிள்ளை ஓரத்தால் எட்டிப் பார்க்கும், நல்ல கண்தான் மறுபடி வேலை செய்யும். கழற்றும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெதுவாக எடுங்கள். தோல் சிவந்தால், கொப்பளித்தால் கிளினிக்கில் காட்டுங்கள். ஒட்டவே விடாத பிள்ளைகளில் சிலருக்கு, நல்ல கண்ணில் மருந்துச் சொட்டு விட்டு அந்தக் கண்ணை மங்கலாக்கும் வழியும் உண்டு. அதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று, ஒட்டியிருக்கும் நேரத்தில் பிள்ளைக்குப் பார்வை குறைவு என்பதை மறக்காதீர்கள். லயத்துக் கான், படிக்கட்டு, அடுப்பு, றோட்டு, இவற்றின் பக்கம் தனியாக விடாதீர்கள்.

பிள்ளைக் காம்பராவில் "ஒண்ணரைக் கண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அவள் பிளாஸ்டரைக் கானில் எறிந்துவிட்டு வந்தாள். ஆயம்மா யாரையும் ஏசவில்லை. அடுத்த நாள் கடதாசியில் வட்டம் வெட்டி, கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு கண்ணில் ஒட்டிவிட்டார், தனக்கும் ஒட்டிக்கொண்டார். ஒரு மணித்தியாலம் எல்லோரும் ஒண்ணரைக் கண்தான். அதன் பிறகு யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். கொழுந்து கூடிய மாதம் வந்தது. கிளினிக் போனால் ஒரு பேர் போகும், மேலதிக கிலோவும் போகும். ஒரு கிளினிக்கை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். வீட்டில் ஒட்டுவதும் நின்றது. பிறகு போனபோது டொக்டர் அம்மா கேட்டார், "ஒட்டுறீங்களா?" நான், "ஒவ்வொரு நாளும் ஒட்டுறோம் டொக்டர்" என்றேன். மடியில் இருந்த மகள், "இல்ல, அம்மா ஒட்டல" என்றாள்.

அன்றைக்கு வாசிக்கச் சொன்ன எழுத்துப் பலகையில் முன்பு வாசித்ததைவிட இரண்டு வரி குறைந்திருந்தது. டொக்டர் அம்மா ஏசவில்லை. "நீங்க ஒட்டினதா நினைச்சு நான் நேரத்தைக் கூட்டியிருப்பேன். இல்லாட்டி இந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பிடிக்கலன்னு முடிவு எடுத்திருப்பேன். சரியான கணக்குச் சொன்னாத்தான் சரியான மருந்து" என்றார். கொழுந்து மடுவத்தில் தராசு அரைக் கிலோ பொய் சொன்னால் சண்டை போடுகிறவள் நான். என் பிள்ளையின் கண்ணுக்கு நானே பொய்த் தராசு பிடித்தேன்.

மறுபடி தொடங்கினோம். ஒரு வருசத்துக்கு மேல் பிடித்தது. இப்போது தரம் 2 படிக்கிறாள். இரண்டு கண்ணுக்கும் ஒரு வரிதான் வித்தியாசம். பிளாஸ்டரை நிறுத்தியாச்சு, கண்ணாடி உண்டு, கிளினிக்கும் உண்டு. நிறுத்திய பிறகு சில பிள்ளைகளுக்குப் பார்வை திரும்பக் குறையும் என்பதால் தொடர்ந்து காட்ட வேண்டும்.

7 வயதுக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். ஆனால் 10 வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, "காலம் போச்சு" என்று உட்கார வேண்டாம். பெரிய பிள்ளைகளிலும் பலருக்கு முன்னேற்றம் கிடைக்கிறது. வாக்குக் கண் அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், நீங்கள் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண்மணியில் வெள்ளையாக எதுவும் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

இனி இது ஏன் சங்க விஷயம் என்று சொல்கிறேன். என் மகளின் பார்வையில் இரண்டு வரி குறைந்தது எனக்குப் பாசம் குறைந்ததால் இல்லை, ஒரு நாள் பேர் போகும் என்ற பயத்தால். ஆகவே மூன்று கோரிக்கைகளைக் கமிட்டி முன் வைக்கிறேன். ஒன்று, கிளினிக் கொப்பியைக் காட்டும் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நாளின் பேர் வெட்டப்படக் கூடாது என்று நிர்வாகத்திடம் பேச வேண்டும். இரண்டு, பிளாஸ்டர் ஒட்டுவதும் கண்ணாடி போட்டுவிடுவதும் பிள்ளைக் காம்பராவின் ஒழுங்கான வேலையாக வேண்டும், ஆயம்மாவின் தயவாக இருக்கக் கூடாது. மூன்று, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தோடு பேசி, பள்ளிக்கூடம் போகும் முன்னமே பிள்ளைக் காம்பராவில் கண் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு சொல். கிளினிக் வரிசையில் நான் பார்த்தது எல்லாம் தாய்மார்தான். பிளாஸ்டர் ஒட்ட அப்பாவுக்கும் கை இருக்கிறது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, விளையாட்டுப் போல ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை கையைத் தட்டிவிட்டால், அழுதால், மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லுங்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் காட்டுங்கள். வீட்டில் பார்ப்பது கிளினிக் பரிசோதனை ஆகாது.

எனக்கு 4 வருசம் தெரியாமல் போனது. உங்களுக்கு இன்றைக்குத் தெரிந்துவிட்டது.