தாதியர் தொழிலும் ராஜ்ய எல்லைகளும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சமூகத்துப் பெண்மக்கள் கல்வி கற்றுத் தொழில் புரிய வேண்டுமென்று இச்சங்கம் நெடுநாளாக வற்புறுத்தி வருகின்றது. அதன் பயனாக இன்று நம்மவர் வீடுகள் பலவற்றில் தாதித் தொழில் பயின்றோர் இருக்கின்றனர். இக்காலத்தார் அவர்களைச் செவிலியர் என்பர். அவர்களுள் சிலர் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்று வாழ்கின்றனர். அந்நாட்டில் ஒரு ராஜ்யத்தினின்று மற்றொரு ராஜ்யத்துக்குக் குடிபெயரும் தாதியின் அதிகாரம் எங்ஙனம் மாறுகின்றது என்பதைப் பற்றி யாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

முதலில் அறிய வேண்டுவது யாதெனில், தாதி செய்யத்தக்க வேலைகளை நாடு முழுவதற்கும் பொதுவாக வரையறுக்கும் ஒரே சட்டம் அங்கில்லை. 1903-ஆம் ஆண்டில் வட கரோலினா ராஜ்யம் முதன்முதலாகத் தாதியரைப் பதிவு செய்யச் சட்டமியற்றிற்று. பின்னர் ஒவ்வொரு ராஜ்யமும் தனக்கென ஒரு சட்டமும், அதனை நடத்த ஒரு சபையும் ஏற்படுத்திக்கொண்டது. நம் நாட்டிலும் சென்னை மாகாணம் 1926-ஆம் ஆண்டில் தனக்கெனத் தாதியர் சட்டம் செய்தது. அமெரிக்காவில் தாதியர் எழுதும் 'என்க்ளெக்ஸ்' பரீக்ஷை எங்கும் பொதுவே. தேறியவள் எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதையோ அந்தந்த ராஜ்யமே விதிக்கின்றது.

ஒரு திருஷ்டாந்தம் கூறுவோம். 'வொக்கேஷனல் நர்ஸ்' என்பார் ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சி பெற்று, வைத்தியர் அல்லது பதிவுபெற்ற தாதியின்கீழ்ப் பணிபுரிவோர். டெக்ஸாஸ், கலிபோர்னியா இரண்டிலும் அவர்களுக்கு இப்பெயரே. டெக்ஸாஸில் தக்க மேற்பயிற்சியும் ஆஸ்பத்திரியின் அநுமதியும் இருப்பின், அவர்கள் இரத்தக்குழாய் வழியே மருந்து செலுத்தலாம். கலிபோர்னியாவிலோ, தனிச் சான்று பெற்றவரும் சலைன் போன்ற நீர்மங்களை ஏற்றலாமேயன்றி, இரத்தக்குழாயில் மருந்து செலுத்துதல் பொதுவாக விலக்கப்பட்டுள்ளது.

நம்மவர் வீட்டுப் பெண்ணொருத்தி கணவருடன் டெக்ஸாஸ் சென்று, இப்பயிற்சி பெற்று மூன்றாண்டு பணிபுரிந்தாள். கணவரின் உத்தியோகம் மாறவே, கலிபோர்னியாவில் புதிதாய் அநுமதி பெற்று ஓர் ஆஸ்பத்திரியில் அமர்ந்தாள். ஓரிரவு நோயாளியொருவர் வலியால் துடித்தார். வைத்தியர் எழுதியிருந்த மருந்து, அவள் முன்பு பலமுறை தன் கையாலேயே செலுத்திய மருந்து. பதிவுபெற்ற தாதி வேறோர் அறையில் இருந்தாள். இவள் ஊசியைத் தொடாது அவளை அழைத்துவர ஓடினாள். மருந்து சில நிமிஷம் தாமதித்தது. இதனைக் கேட்ட உறவினர் சிலர், "கண்ணெதிரே ஒருவர் துடிக்க, கைகட்டி நிற்பதா தருமம்?" என்றனர்.

அவ்வினா எம்மையும் வருத்திற்று. ஆயினும் அவள் செய்தது சரியென்றே யாம் துணிகின்றோம். அவள் கைகட்டி நிற்கவில்லை, அதிகாரமுடையவரை அழைத்தாள். விதியை மீறியிருப்பின், நோயாளிக்குத் தீங்கொன்றும் நேராவிடினும், அவளுடைய அநுமதி பறிபோகக்கூடும். ஒரு ராஜ்யத்துச் சபை எடுக்கும் நடவடிக்கை மற்ற ராஜ்யங்களின் சபைகளுக்கும் தெரியவரும்.

உயர்கல்வி பெற்ற தாதியர்க்கும் இம்முரண் உண்டு. 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்பார் நோயை ஆராய்ந்து மருந்தெழுதக் கற்றவர். 1965-ஆம் ஆண்டில் கொலராடோவில் லொரெட்டா போர்டு அம்மையாரும் ஹென்றி சில்வர் என்னும் வைத்தியரும் இப்படிப்பைத் தொடங்கினர். நியூ மெக்ஸிகோ ராஜ்யத்து லாஸ் குரூஸஸ் நகரில் இவர் வைத்தியரின் மேற்பார்வையின்றியே மருந்தெழுதலாம். அங்கிருந்து ஏறக்குறைய 45 மைலில் உள்ள எல் பாஸோ நகரம் டெக்ஸாஸைச் சேர்ந்தது. அங்கே வைத்தியரொருவர் எழுத்துமூலம் அதிகாரம் ஒப்படைத்தாலன்றி எழுதலாகாது. ஒரு மணி நேர மோட்டார்ப் பயணத்தில் கற்ற கல்வி குறைந்துபோகுமோ?

வைத்தியர் பயிற்சி நீண்டது, ஆதலின் அவர் மேற்பார்வை நோயாளிக்குக் காப்பு என்பாருமுளர். அதனை முற்றும் தள்ளிவிடலாகாது. ஆயினும் 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது பல ராஜ்யங்கள் இத்தடைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தின. மாஸசூஸெட்ஸ் 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி கையொப்பமான சட்டத்தால், போதிய அநுபவமுடையோர்க்கு இவ்வுரிமையை நிலையாக்கிற்று. வேறு சில ராஜ்யங்களில் ஆபத்து நீங்கியதும் பழைய தடை மீண்டது. ஆபத்தில் தகுதியெனப்பட்டது அமைதியில் தகுதியின்மையாவது எங்ஙனம் என்று அந்நாட்டார் கேட்பது நியாயமே.

இவ்வேற்றுமையின் துன்பத்தைக் குறைக்கச் சில ராஜ்யங்கள் 2000-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையைத் தொடங்கின. 2018 முதல் திருந்திய வடிவில் நடைபெறும் அதில் 40-க்கு மேற்பட்ட ராஜ்யங்களும் பிரதேசங்களும் சேர்ந்துள்ளன. அதற்குரிய அநுமதிச்சீட்டு ஒன்றைப் பெற்ற தாதி அவற்றுள் எங்கும் பணியாற்றலாம். கலிபோர்னியா அதிற் சேரவில்லை. மேலும், அவ்வுடன்படிக்கை வாயிலைத் திறக்குமேயன்றி, உள்ளிருக்கும் விதிகளை ஒன்றாக்காது. நோயாளி எந்த ராஜ்யத்தில் இருக்கின்றாரோ, அந்த ராஜ்யத்தின் சட்டமே தாதியைக் கட்டும். தொலைபேசியில் ஆலோசனை சொல்பவளுக்கும் அஃதே விதி. உடன்படிக்கை ராஜ்யமொன்றினின்று மற்றொன்றுக்குக் குடியேறுபவள் 60 நாளுக்குள் புதிய இடத்தில் விண்ணப்பிக்கவும் வேண்டும்.

ஆதலால் நம் குடும்பத்தார்க்கு யாம் சொல்வது இதுவே. உத்தியோக மாற்றம் வரும்போது கணவரின் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் விசாரிக்கின்றீர்கள்; மனைவியின் தொழிலுரிமையையும் அவ்வாறே முன்னதாக விசாரியுங்கள். புதிய ராஜ்யத்துச் சபையின் விதிகளை அவள் தானே வாசித்தறியட்டும். "பழைய இடத்தில் செய்தேனே" என்னும் சமாதானம் எந்தச் சபையிலும் செல்லாது. விதிக்கு அஞ்சி அவள் ஒரு வேலையை மறுத்தால், அவளைக் கோழையென்று இகழாதீர்கள். பல்லாண்டு உழைத்துப் பெற்ற தொழிலையும் குடும்பத்தின் மானத்தையும் அவள் காக்கின்றாள்.